வாமதேவனின் சராசரி

வாமதேவன் தன் வாழ்நாளில் பேஸ்போல் விளையாடியது ஒரேயொரு மாதம்தான். ஆனால் பாரிஸ் ஞாயிற்றுக்கிழமை லீக்கில், பந்தை அடிப்பவர்களின் சராசரிப் பட்டியலில் அவருடைய பெயர்தான் உச்சியில் நின்றது. இரண்டு தரம் துடுப்போடு போனால் ஒரு தரம் அடி விழுகிறதாம். மார்க்ஸ் டோர்மோய் தெருவில் வாடகை அறையில், இடுப்பைச் சுற்றிப் பட்டி கட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தபடி, அவர் அந்தப் பட்டியலைக் கைப்பேசியில் திறந்து திறந்து பார்த்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிரான்சுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவர் பெயர் எதிலும் முதலாவதாக வந்ததில்லை.

அடித்தது தனூஜன். மன்னார்ப் பொடியன், அதே அறையில் மற்றக் கட்டிலில் படுப்பவன். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவன். பொலிஸைக் கண்டால் பக்கத்துக் கடைக்குள் நுழைந்து கறிவேப்பிலை விலை கேட்பவன். பேஸ்போல் குழுத் தலைவன் ரொபேர், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு தேத்தண்ணிக் கடையில் பழக்கமான பிரெஞ்சுக்காரன், வசந்தத்தில் வாமதேவனைத்தான் சேர்த்து விளையாட்டு அட்டையும் எடுத்துக் கொடுத்தான். அடுத்த மாதமே வாமதேவன் தான் வேலை செய்யும் உணவகத்தின் நிலவறைப் படியில் மீன்பெட்டியோடு வழுக்கி விழுந்தார். வேலை விபத்து என்று டாக்டர் எழுதி வீட்டில் இருத்தினார். அட்டை சும்மா கிடந்தது.

ஒருவருடைய விசா அட்டையில் இன்னொருவர் வேலை செய்வது லா சப்பலில் புதினமில்லை. விளையாடினால் மட்டும் குடியா முழுகிவிடும்? அட்டைப் படத்தில் தாடி இருந்தது. தனூஜனும் தாடி விட்டான். ஆள் மாறியது தெரிந்த ரொபேரும் குழுவும் அவனையும் ‘வாமா’ என்றே கூப்பிட்டார்கள். நடுவருக்கு அவ்வளவு போதுமாயிருந்தது. துடுப்பைத் தூக்கமுதல் இந்த ‘வாமதேவன்’ சிலுவை போட்டுக்கொள்வதை ஒரு நாய்கூடக் கவனிக்கவில்லை.

பிறகு மர்கரீத் தொலைபேசியில் வந்தாள். உணவகத்தில் சம்பளக் கணக்குப் பார்ப்பவள்.

“மொசியே வாமதேவன், இடுப்பு எப்படி?”

“இன்னும் நோகிறது, மதாம்.”

“பாவம். என் மகனும் அந்தப் பேஸ்போல் லீக்கில்தான் விளையாடுகிறான். பந்து எறிபவன், ஆனால் அடியிலும் இரண்டாவது. தன்னை முந்தி நிற்பது யாரென்று கிழமைக்குக் கிழமை பார்த்துக் குமைகிறான். நானும் பார்த்தேன்.” சிரித்தாள். “அபூர்வமான பெயர், இல்லையா? லீக்கின் கடைசி ஞாயிறு இரண்டு பேரும் மோதுகிறார்களாம். நன்றாக ஓய்வெடுங்கள்.”

வாமதேவன் மல்லாந்து கிடந்தபடியே யோசித்தார். விளையாடியது நான்தான் என்றால் பொய் விபத்து என்று ஆகும்; வேலை போகும், வேலை போனால் விசா புதுப்பிப்பதும் போகும். நானில்லை என்றால், அப்படியானால் யார் என்று கேட்பார்கள். கேட்டால் தனூஜனை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அழைப்பு வந்த கிழமையே பொடியனை நிறுத்தினாலும் களவை ஒப்புக்கொண்ட மாதிரி. பெயர் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மகன் மறப்பான், மகன் மறந்தால் தாயும் மறப்பாள் என்று கணக்குப் போட்டார்.

“டேய், இனி அடியாதை,” என்றார் அன்று பின்னேரம்.

“என்னண்ணை சொல்லுறியள்?”

“சும்மா நில். பந்தை விடு. அடிக்காட்டிச் சராசரி தன்ரை பாட்டில இறங்கும்.”

தனூஜன் கட்டில் விளிம்பில் குந்தினான். “ஞாயிற்றுக்கிழமையில மட்டும்தான் அண்ணை நான் ஒரு ஆளாய் இருக்கிறன். அங்கை பேர் சொல்லிக் கைதட்டுறாங்கள்.”

“அது என்ரை பேரடா!”

சொன்ன பிறகு வாமதேவனுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த ஞாயிறு தனூஜன் அவர் சொன்னபடியே மரம்போல நின்றான். பட்டியலில் முதலாவது ஆளென்று பயந்து, எறிந்தவர்கள் எல்லாம் பந்தை எட்ட எட்ட எறிந்தார்கள். அவன் எல்லாவற்றையும் விட்டான். பின்னேரம் பட்டியலைத் திறந்தால், சராசரி மயிரிழையும் அசையவில்லை. போதாக்குறைக்கு, முதல் தளத்தை அடைந்தவர்களின் பட்டியலிலும் வாமதேவன் என்ற பெயர் உச்சிக்கு ஏறியிருந்தது.

தேத்தண்ணிக் கடையில் ரொபேர் விழுந்து விழுந்து சிரித்தான். “உங்கள் கிரிக்கெட் மூளை! விட்ட பந்து வெறும் பந்து என்று நினைத்தீர்களா? இங்கே நாலு பந்து பிழையாக வந்தால் முதல் தளம் இலவசம். அது அடிவாய்ப்பாகவே கணக்கில் சேராது. சராசரி விழவேண்டுமானால் வீசித் தவறவேண்டும். மூன்று தரம்.”

வாமதேவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தனூஜன் அவரைப் பார்த்து, “வீசுறன் அண்ணை. என்ன வந்தாலும் வீசுறன்,” என்றான்.

கடைசி ஞாயிறு வாமதேவனுக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. இடுப்புப்பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மெட்ரோ பிடித்து வன்சேன் காட்டு மைதானத்துக்குப் போனார். ஓரத்தில், ஒரு மடக்கு நாற்காலியில், மர்கரீத் உட்கார்ந்திருந்தாள். மடியில் பழப்பெட்டி. வாமதேவன் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார். களவு செய்யாத இடுப்பு கள்ளனைப்போலக் கூனியது.

எறிய வந்தவன் அவளுடைய மகன். அவன் பயந்தவனில்லை, நேராக, வேகமாக எறிந்தான். தனூஜன் சிலுவை போட்டுக்கொண்டு முதல் பந்துக்கு வீசித் தவறினான். இரண்டாவதுக்கும் தவறினான். வாமதேவனுக்கு மூச்சு வந்தது. கூடவே, தன் பெயர் தோற்கிறதே என்று ஒரு மூலையில் கவலையும் வந்தது. வெட்கங்கெட்ட மனம்.

மூன்றாவது பந்து உள்ளே திரும்பி முகத்துக்கு வந்தது. வேறு எவனும் பின்னால் பாய்ந்திருப்பான். என்ன வந்தாலும் வீசுகிறேன் என்று சொன்னவன் முன்னால் காலை வைத்தான். துடுப்பை வீசமுதலே பந்து தலைக்கவசத்துக்குக் கீழே, கன்னப் பொருத்தில் அடித்தது. அந்தச் சத்தம் மரம்வரை கேட்டது. தனூஜன் அப்படியே சரிந்தான்.

உடம்பில் பட்ட பந்தும் கணக்கில் சேராது என்பதுதான் வாமதேவனுக்கு முதலில் நினைவு வந்தது. அதற்காகத் தன்னைத் தானே அறையலாம் போல இருந்தது. மரத்தைவிட்டு நடந்தார்.

அவசர உதவிக்கு வந்த தீயணைப்புப் படையாள், பொம்பியேக்காரன், தனூஜனுக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருந்தான். ரொபேர் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தான்.

“மொசியே வா… ம… தேவன்! கேட்கிறதா?”

இமை அசையவில்லை. “பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், விழிக்கவேண்டும்,” என்றான் பொம்பியேக்காரன். குழு முழுவதும் “வாமா! வாமா!” என்று கத்தியது. ரொபேரும் அதையே கத்தினான். பொடியனின் சொந்தப் பெயரை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த மைதானத்தில் அதை அறிந்தவர் ஒரேயொருவர்தான்.

“வாமதேவன்! கேட்கிறதா?”

“ஓம்,” என்று வாமதேவனின் வாய் தானாகச் சொன்னது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பட்டிக்குள் நெரிகிற இடுப்போடு புல்லில் முழந்தாளிட்டு, பொடியனின் காதுக்குக் குனிந்தார்.

“தனூஜன்,” என்றார். “எடேய் தனூஜன்.”

இமை மெல்ல அசைந்தது. அவருக்குப் பின்னால் மர்கரீத்தின் மடக்கு நாற்காலி மூடுகிற சத்தம் கேட்டது.