இரண்டு விடையும் தப்பு

லலிதாம்பாளுக்கு மூக்கின் நுனியில் கோபம் என்று கரமனை அக்ரகாரம் முழுக்கச் சொல்லும். சொல்லட்டும். அவளைப் போல ஒரு மாதம் அந்த மனிதரோடு காரில் ஊர் சுற்றி வந்துவிட்டு, அப்புறம் சொல்லட்டும்.

அந்த மனிதர் பஞ்சாபகேசன், அவள் கணவன் ஸ்ரீகண்டனின் தமையன். லலிதாம்பாள் பெண் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் உதவி இன்ஸ்பெக்ட்ரஸ். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் அப்படி உத்தியோகம் பார்த்த பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சுற்றுப்பயணத்துக்கென்று வாங்கிய சின்ன ஆஸ்டின் கார் அவள் பேரில்தான் இருந்தது. ஆனால் அதை ஓட்டத் தெரிந்தவர் வீட்டில் பஞ்சாபகேசன் ஒருவரே. ஸ்ரீகண்டன் நல்ல மனுஷன்தான், ஆனால் மாட்டுவண்டியில் ஏறினாலே தலை சுற்றும் ஆசாமி. தமையனாருக்கோ வேலை வெட்டி கிடையாது. அப்புறம் கேட்க வேண்டுமா? கார் அவளுடையது, உத்தியோகம் அவளுடையது, ராஜாங்கம் மட்டும் பஞ்சாபகேசனுடையது.

பள்ளிக்கூட வாசலில் வண்டி நின்றதும் ஹெட்மிஸ்ட்ரஸ் மாலையும் கையுமாக ஓடி வருவாள். முன்சீட்டிலிருந்து ஜரிகை அங்கவஸ்திரத்தோடு ஓர் ஆண்பிள்ளை இறங்குவதைக் கண்டதும் மாலை அவர் கழுத்துக்குப் போய்விடும். அவரும் "எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே கழுத்தை நீட்டுவார். வகுப்பில் போட்டிருக்கும் ஒரே நாற்காலியிலும் அவரே உட்காருவார். லலிதாம்பாள் கரும்பலகை ஓரமாக நின்றபடி பிள்ளைகளைக் கேள்வி கேட்பாள். அலுத்துப்போனால் அவர் எழுந்து காருக்குப் போய் ஹாரனை அமுக்குவார். பாதி வாய்ப்பாட்டில் ஒரு குழந்தை திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கும்போது வெளியே பாம், பாம் என்று கேட்கும்.

இத்தனையையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். போனக்காடு விஷயத்தில்தான் பொறுமை போயிற்று.

போனக்காடு மலையில் தேயிலைத் தோட்டம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து கொழுந்து கிள்ளுகிறவர்களின் பெண் குழந்தைகளுக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. எலிசாள் என்ற ஒரே வாத்தியாரம்மாள் அதைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்ட்ரஸ் நேரில் வந்து பார்த்து, இது பள்ளிக்கூடம்தான் என்று பள்ளி வருஷம் முடிவதற்குள் சிபாரிசு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள், குழந்தைகள் சிலேட்டை வைத்துவிட்டுக் கூடையைத் தூக்க வேண்டியதுதான். பஸ் பாதி வழி வரைக்கும்தான் போகும், அதற்கு மேல் சொந்த வண்டி வேண்டும்.

"அட்டைக்கடிக்கு நான் ஆளில்லை, கேட்டியா?" என்றார் பஞ்சாபகேசன். "பாத்தாச்சுன்னு எழுதிப் போட்டுடு. மலைக்கு மேல யாரு போய் நோக்கப் போறா?"

"பாக்காததைப் பாத்தேன்னு எப்படி அண்ணா எழுதறது?"

"எல்லாரும் எழுதறதுதானே! நீ ஒருத்திதான் பெரிய அரிச்சந்திரன் பேத்தியாக்கும்."

ஸ்ரீகண்டன் மோர் சாதத்தில் மும்முரமாக இருந்தான். அண்ணாவை எதிர்த்துப் பேச வேண்டிய சமயங்களிலெல்லாம் அவனுக்கு மோர் சாதம் வந்துவிடும். அன்றைக்கே லலிதாம்பாள் கார் ஓட்டக் கற்றுக்கொள்வதென்று முடிவு செய்தாள்.

கரமனை ஆற்றுக்கு அக்கரையில் குடியிருந்த யோசுவா, நாகர்கோவில் பஸ் ஓட்டுகிறவன், விடுமுறை நாட்களில் பூஜைப்புரை மைதானத்தில் வந்து கற்றுக்கொடுத்தான். மடிசாரோடு கிளச்சை மிதிப்பது லேசான காரியமில்லை. முதல் வாரம் வண்டி தவளை மாதிரி தாவித் தாவி நின்றது. "பேடிக்காண்டாம்மா, காலை மெதுவா விடுங்க, வண்டி உங்களை ஒண்ணும் செய்யாது" என்பான் யோசுவா. பயமாவது ஒன்றாவது! ஒவ்வொரு தடவை எஞ்சின் அணையும்போதும் அந்த ஹாரன் சத்தம் அவள் காதில் கேட்டது. அந்த ஆத்திரத்திலேயே அடுத்த தடவை கிளச்சைச் சரியாக விட்டாள். பின்னால் எடுப்பது, மேட்டில் நிறுத்தி எடுப்பது, கை காட்டுவது எல்லாம் கைவந்தன. யோசுவா கோட்டைப் பக்கம் மட்டும் வண்டியைக் கொண்டுபோகவே இல்லை. அவன் கிறிஸ்தவ வேதக்காரன், அந்தப் பக்கத்தில் ஒரு சிக்கல் இருப்பது அவனுக்கு எப்படித் தோன்றும்?

சிக்கல் பழவங்காடிப் பிள்ளையார்.

அந்தச் சந்நிதியைச் சும்மா தாண்டுகிறவர் ஊரில் கிடையாது. சைக்கிள்காரன் ஒரு கையைத் தூக்குவான், பஸ்ஸில் இருப்பவர்கள் தூங்கி வழிந்தாலும் விழித்துக்கொண்டு கும்பிடுவார்கள். லலிதாம்பாள் நடை பழகிய நாளிலிருந்து, இரண்டு கைகளையும் குறுக்காக மாற்றி நெற்றிப்பொட்டில் குட்டிக்கொள்ளாமல் அந்த இடத்தைத் தாண்டியதில்லை.

கார் ஓட்டும் பரீட்சை அன்று பஞ்சாபகேசன் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் கூட இருந்தாக வேண்டுமே. முன்சீட்டில் பரீட்சை வைக்கும் மலையாளி போலீஸ் இன்ஸ்பெக்டர், கஞ்சி போட்ட காக்கி உடுப்பும் முறுக்கிய மீசையுமாக. சொன்னதையெல்லாம் அவள் செய்தாள், ஒன்றில்கூடப் பிசகவில்லை. பழவங்காடி வந்தது. அவளுக்கே தெரியாமல் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை விட்டுக் கிளம்பி, குறுக்காக மாறி, நெற்றியில் மூன்று தடவை குட்டிவிட்டன. வண்டி தன் போக்கில் நேரே தேங்காய்க்காரி பொன்னம்மையின் குவியலை நோக்கிப் போயிற்று. இன்ஸ்பெக்டர் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினார்.

"கை விட்டல்லோ! ரெண்டு கையும் விட்டல்லோ! ஆளைக் கொல்லும் நிங்ஙள். பாஸில்லா!"

அவர் சொன்னது நியாயம்தான். அதனாலேயே லலிதாம்பாளுக்குத் தன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பஞ்சாபகேசன் வீடு வீடாகப் போய் அவள் குட்டிக்கொண்டதை நடித்துக் காட்டினார், அக்ரகாரம் ஒரு வாரம் சிரித்தது. அவள் யோசுவாவைக் கோட்டைப் பக்கம் வரச் சொன்னாள். பழவங்காடி வழியாகப் போய், திரும்பி, மறுபடியும் போய், கைகள் மேலே எழும்பாமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கப் பழகினாள். 'கோவிச்சுக்காதே, அப்புறம் வந்து சேர்த்துக் குட்டிக்கறேன்' என்று பிள்ளையாரிடம் ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

இரண்டாவது பரீட்சையில் சந்நிதி வந்தபோது கண் பாதையில் இருந்தது, கை ஸ்டியரிங்கில் இருந்தது. பக்கத்தில் இன்ஸ்பெக்டர் கண்ணை மூடித் தொழுதார். பின்சீட்டில் பஞ்சாபகேசன் பட்பட்டென்று குட்டிக்கொண்டார். வண்டி நூல் பிடித்த மாதிரி சந்நிதியைத் தாண்டிப் போயிற்று. லலிதாம்பாளுக்குப் போனக்காட்டு மலைப்பாதையே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"நிங்ஙள் பகவானைத் தொழுதில்லல்லோ?"

அவளுக்குப் புரியவில்லை. "வண்டி ஓட்டிண்டிருந்தேன், சார்."

"ஒரு ஹிந்து ஸ்த்ரீ. சந்தைக்கடை வழி போறது போல சந்நிதி வழி போறது! ஈஸ்வர பயம் இல்லாத்த ஆளுக்கு ரோட்டில் என்ன பயம் இருக்கும்? மனசில் அடக்கம் இல்லா. பாஸில்லா."

"அதானே! நான் அப்பவே நினைச்சேன்" என்றார் பின்சீட்டுக்காரர்.

லலிதாம்பாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கையை எடுத்தால் ஆளைக் கொல்வாள், எடுக்காவிட்டால் தெய்வ பயம் இல்லாதவள். இந்த மனிதனுக்கு வேண்டியது கை இல்லை, கும்பிடும் இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவள் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அவள் பல வருஷமாக ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கேள்வி கேட்டவள். ஒரே கேள்விக்கு இரண்டு விடையையும் தப்பு என்று அடித்ததில்லை. அப்படி அடிக்கிற வாத்தியாரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாள்.

வீட்டில் பஞ்சாபகேசன் காப்பியை ஆற்றிக்கொண்டே, "பிள்ளையாரே வேண்டாம்னு சொல்லியாச்சு. அந்த மலைக்காட்டை விட்டுத் தள்ளு" என்றார்.

"பிள்ளையார் ஒண்ணும் சொல்லலை! மீசை வச்ச ஒருத்தர் சொன்னார், மீசை இல்லாத ஒருத்தர் ஆமாம் போட்டார்!" என்று கத்தினாள் லலிதாம்பாள். அந்த வீட்டில் மூத்தவர் முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கத்தியதில்லை. ஸ்ரீகண்டன் மோர்ப் பாத்திரத்தைத் தேடினான். "நீங்க சாப்பிடுங்கோ, சாப்பிட்டுண்டே இருங்கோ" என்றாள் அவனிடமும்.

பள்ளி வருஷம் முடிய நாள் நெருங்கிவிட்டது. அவள் இன்ஸ்பெக்டரின் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள், மறுநாளும் போய் நின்றாள். சர்க்கார் உத்தியோகஸ்தி வெயிலில் நிற்பதைப் போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்கவே, அவர் மூன்றாவது தடவைக்கும் நாள் கொடுத்தார்.

அன்றைக்குப் பழவங்காடி கண்ணில் பட்டதும் லலிதாம்பாள் வலது கையை வெளியே நீட்டி, வேகத்தைக் குறைக்கப் போவதாக மேலும் கீழும் அசைத்தாள். பிறகு கையை உயர்த்தி நிறுத்துவதாகக் காட்டினாள். வண்டியை இடது ஓரத்தில் ஒதுக்கி, நியூட்ரலில் போட்டு, பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தாள். சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினாள்.

"எங்ஙோட்டா போறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தொழறதுக்கு" என்றாள்.

பொன்னம்மையிடம் ஒரு தேங்காய் வாங்கி ஓங்கி அடித்தாள். அது சிதறிய சத்தத்தில் வண்டி மாடு ஒன்று மிரண்டது. கைகளை மாற்றி நெற்றியில் நிதானமாகக் குட்டிக்கொண்டாள். பிறகு காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தாள். இன்ஸ்பெக்டருக்கு நேரே உச்சி வெயில், அந்தச் சின்ன வண்டியின் தகரக் கூரை அடுப்பு மாதிரி காய்ந்தது. "மதி, மதி, போதும், வா!" என்றார். அவள் இன்னொன்று போட்டாள். பஞ்சாபகேசன் பின்சீட்டிலிருந்து, "சார், நான் எடுக்கறேன் வண்டியை" என்று குதித்து முன்னால் வந்து, சாவியைத் தேடித் துழாவினார். சாலைக் கடைத்தெருவிலிருந்து மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள்.

லலிதாம்பாள் மூச்சு வாங்க வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நானும் உங்களாட்டம் பரீட்சை வைக்கறவதான். மொதல் தடவை கையை எடுத்தேன், தப்புன்னேள். ரெண்டாம் தடவை எடுக்கலை, அதுவும் தப்புன்னேள். இன்னிக்கு வண்டியை நிறுத்திட்டுத் தொழுதேன். இது சரியா, தப்பா? தப்புன்னா எது சரின்னு இந்தப் பிள்ளையார் முன்னால சொல்லுங்கோ, அதைப் பண்றேன். சொல்லாம வண்டி நகராது."

"நிங்ஙள் என்னைப் பேடிப்பிக்கிறதா?"

"கேள்விதான் கேக்கறேன். பதில் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்கோ. குழந்தைகள்கூடச் சொல்றது."

வண்டிக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். பொன்னம்மை தேங்காய்க் குவியலுக்குப் பின்னாலிருந்து எழுந்தே வந்துவிட்டாள். "அந்தம்மை கேக்கதுக்கு ஒரு பதிலு சொல்லும் சாரே. கும்பிட்டாலும் ஏச்சு, கும்பிடலேன்னாலும் ஏச்சுன்னா, பொம்பளை பின்ன என்னதான் செய்யணும்?"

இன்ஸ்பெக்டர் சந்நிதியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கழுத்துப் பட்டி வேர்வையில் நனைந்து தொங்கியது.

"சரி, பாஸ்" என்றார் வாய்க்குள்.

"கேக்கலை, சார்."

"பாஸ்! பாஸ்! வண்டி எடுக்கு!"

கோட்டை வாசலில் அவர் இறங்கிப் போனதும் பஞ்சாபகேசன் வேட்டியை உதறிக்கொண்டு வந்தார். "சரி, நகரு. ஆத்துக்கு நான் ஓட்டறேன்."

"பின்னால உக்காந்துக்கோங்கோ, அண்ணா. பிடிக்கலேன்னா சாலை வழியா நடந்து வாங்கோ. கரமனை ஒண்ணும் தூரமில்லை."

அவர் நடந்துதான் வந்தார். அதன் பிறகு அவளோடு பேசவில்லை, அவளுக்கும் அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள் விடியற்காலையில் அவள் தனியாகக் கிளம்பினாள். மலையேற ஏறக் கோபமும் கூடவே ஏறிற்று. இவ்வளவு தூரம்தானா? இந்தப் பாதைக்குத்தானா ஒரு வீடும் ஒரு மீசையும் சேர்ந்து அவளை இத்தனை நாள் கட்டிப் போட்டன? கொண்டை ஊசி வளைவுகளில் கியரை மாற்றி மாற்றி வண்டியை மேலே ஏற்றினாள்.

தகரக் கொட்டகை வாசலில் குழந்தைகள் எண்ணெய் வழிய வாரிய தலையோடு வரிசையில் நின்றார்கள். எலிசாள் காட்டுப்பூ மாலையோடு ஓடி வந்தாள். வண்டியைவிட்டு இறங்கிய லலிதாம்பாளைக் கும்பிட்டாள். பிறகு அவளைத் தாண்டி முன்சீட்டை எட்டிப் பார்த்தாள், குனிந்து பின்சீட்டையும் பார்த்தாள்.

"சார் வரலியாம்மா?" என்றாள், மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு.

லலிதாம்பாளுக்குச் சுருக்கென்றது. உதவி செய்ய வந்த இடத்திலும் இதுதானா என்று தொண்டை வரைக்கும் சுடுசொல் வந்துவிட்டது. ஆனால் எலிசாளின் முகத்தில் கள்ளம் இல்லை. மாலை என்றால் அது ஒரு ஆண்பிள்ளைக்கு என்றுதான் அவளும் பார்த்து வளர்ந்திருக்கிறாள். வரிசையில் நின்ற பெண் குழந்தைகள் எல்லாம் காரையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தன. இன்றைக்குப் பார்ப்பதை அவை மறக்கப் போவதில்லை.

"இன்ஸ்பெக்ட்ரஸ் நான்தான்" என்றாள் அவர்களுக்கும் கேட்கும்படி. "வண்டி ஓட்டிண்டு வந்ததும் நான்தான். மாலையை எனக்குப் போடுங்கோ."

எலிசாள் போட்டாள். உள்ளே ஒரே ஒரு நாற்காலி இருந்தது. லலிதாம்பாள் போய் அதில் உட்கார்ந்து, முதல் குழந்தையைக் கூப்பிட்டாள்.