ஆறாவது கால்

பெரியவளுக்கு அன்றைக்கு வேலை கிடைத்தே ஆக வேண்டும். கிடைக்காவிட்டால் மகள் கிடைக்கமாட்டாள், அவ்வளவுதான் விஷயம். ஏழு வயசுப் பிள்ளையை நாத்தனார் வீட்டில் பிடித்து வைத்துக்கொண்டு, "சம்பாத்தியம் இல்லாதவகிட்ட எப்படிக் கொடுக்கிறது?" என்று கோர்ட்டில் கேட்கிறார்கள். கட்டினவளை விட்டுவிட்டு ஓடினது அந்த நாத்தனாரின் தம்பி, ஆனால் வாய் மட்டும் அவளுக்குக் காது வரைக்கும்! திங்கட்கிழமை நீதிபதி முன்னால் வேலைக் கடிதத்தை நீட்டணும். அன்றைக்கு வெள்ளி.

தங்கச்சி, மரத்தை மெஷினில் சுற்றவிட்டு உளியால் செதுக்குகிற ஒரு கடைசல் பட்டறையில் ஐந்து வருஷமாக நாற்காலிக் கால் கடைகிறவள். மேஸ்திரி கையைக் காலைப் பிடித்து அக்காவுக்கு ஒரு பரீட்சை வாங்கியிருந்தாள். மெஷினில் கடைந்து முடித்த காலை, முனையில் மிஞ்சிய கட்டையிலிருந்து உளியால் வெட்டிப் பிரிக்கணும். அரை மணியில் ஆறு கால். பரீட்சை மத்தியானம் இரண்டு மணிக்கு, பாடமோ அன்று காலையில்தான் ஆரம்பம். இந்த லட்சணத்தில் இருந்தது நிலைமை.

"உளி அகலத்துக்கே வெட்டிட்டுப் போகாத. ஆழத்துல மரம் ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிச்சுக்கும். பக்கத்துலயே இன்னொரு வெட்டு போட்டு வழியை அகலமாக்கு. ஆழம் போகப் போகப் பிடியை மெல்லத் தூக்கு. மரம் சுண்டுவிரல் கனத்துக்கு வந்ததும் மெஷினை நிறுத்து, மிச்சத்தை ரம்பத்தால அறு" என்றாள் சின்னவள்.

"மத்தவங்கள்லாம் நிறுத்தாமலே வெட்டி, விழுற காலை இடது கையால பிடிச்சுக்கிறாங்களேடி?"

"அவங்க விரலை எண்ணிப் பார்த்தியா நீ?"

முதல் வெட்டிலேயே வழியை அகலமாக்க மறந்தாள். மரம் உளியைக் கவ்வி ஒரு உலுக்கு உலுக்கியது. கட்டை பிய்த்துக்கொண்டு காதோரமாகப் பறந்து சுவரில் மோதியது. பெரியவள் தரையில் உட்கார்ந்து, "எனக்கு வராதுடி, சத்தியமா வராது" என்று அழுதாள்.

"வரலைன்னா திங்கட்கிழமை என்னத்தைக் காட்டப் போற? இந்த அழுகையையா? எழுந்திரு." சின்னவளுக்கு நாக்கில் இரக்கமே கிடையாது.

இரண்டு மணிக்கு மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தபடி வந்து நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று என்று சுத்தமாகத்தான் வந்தன. நிறுத்தி, அறுத்து, மறுபடி மாட்டி ஓட்டுவதில்தான் நேரம் போய்விட்டது. ஐந்தாவது முடிந்தபோது, "ரெண்டு நிமிஷம்" என்றார் அவர்.

இரண்டு நிமிஷத்தில் எங்கே நிறுத்துவது, எங்கே அறுப்பது? கடவுளே, ஒரே ஒரு தடவை என்று நினைத்தாள். வழியை அகலமாக்கும் இரண்டாவது வெட்டே போடவில்லை. உளியை வலது கையில் மட்டும் இறுக்கிக்கொண்டு, இடது கையைச் சுற்றுகிற காலுக்கு அடியில் ஏந்தினாள். உளி நடுங்க ஆரம்பித்தது. காலையில் கட்டை பறக்கும் முன் கேட்ட அதே சத்தம். பிள்ளை முகம் கண்ணில் நிற்க, கையை எடுக்க மனசு வரவில்லை.

சட்டென்று பட்டறை முழுக்க மின்சாரம் போனது. சுற்று தளர்ந்து, மரம் உளியைக் கவ்வியபடி மெஷின் முனகி நின்றது. பெரியவளின் விரல்கள் காலுக்கு அரை அங்குலம் கீழே அப்படியே இருந்தன. திரும்பிப் பார்த்தால் சின்னவள் கை மெயின் சுவிட்சில்.

அந்த சுவிட்சை மேஸ்திரி தவிர யாரும் தொடக்கூடாது. அதை இறக்கினால் மரம் உலர்த்துகிற அறையும் அணைந்துவிடும், மறுபடி சூடேற முழுசாக ஒரு நாள்.

"வீட்டுக்குக் கிளம்பு. இனிமே இங்க வராத" என்றார் சின்னவளிடம்.

"அவ கை போயிருக்கும் மேஸ்திரி!"

"போயிருந்தா அவ கை. அணைஞ்சது என் அறை."

அப்புறம் அந்த மனுஷன், ஒன்றுமே நடக்காதது போல, ஐந்து கால்களையும் எடுத்து வெட்டின முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "சுத்தமா இருக்கு. இப்ப எனக்கு ஒரு ஆள் குறையுது. நாளைக்குக் காலையில இவ மெஷின்ல வந்து நில்லும்மா. கடிதம் சாயங்காலம் வாங்கிக்க."

பெரியவளுக்கு அந்த உளியைத் தூக்கி அவர் காலடியில் வீச வேண்டும் போல இருந்தது. என் தங்கச்சி வயித்துல அடிச்சு எனக்குச் சோறா என்று கத்த வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் தங்கச்சி ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கிற சத்தம் கேட்டது.

"சரிங்க" என்றாள், தரையைப் பார்த்து. தங்கச்சி முகத்தைப் பார்த்திருந்தால் அந்த வார்த்தை வந்திருக்காது.