பையில் வந்த தண்ணீர்

மீன் பையைக் கையில் வாங்கியதுமே எனக்கு என்னவோ உறுத்தியது. பை வெதுவெதுப்பாக இருந்தது. மலை மேலிருந்து விடியற்காலையில் கிளம்பி, பஸ் மாறி, ரயில் ஏறி வந்த பை சில்லிட்டுப் போயிருக்க வேண்டாமா?

"ரொம்ப நாளா கேட்டுட்டிருந்தியே, டிஸ்கஸ். இந்தா," என்றார் கணவர். ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மலையில் இருக்கும் தொழிற்சாலைக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து வார விடுமுறைக்கு மட்டும்தான் வீட்டுக்கு வருகிறார்.

எங்களோடு இருக்கும் நாத்தனார் சோபாவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பொண்டாட்டிக்கு மீன் வாங்கிட்டு வர்ற ஆம்பளைங்க எத்தனையோ பேர் இருக்காங்கண்ணா. ஆனா அவங்க சமைக்க வாங்கிட்டு வருவாங்க."

"உன் வாயைக் கொஞ்சம் மூடுறியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பைக்குள் நான்கு மீன்கள், சின்னத் தட்டுகளை நிமிர்த்தி வைத்தது போல நின்றன. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், மற்ற இரண்டும் பழுப்பு. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். எங்கள் ஊர்க் கடைகளில் குஞ்சாகத்தான் விற்பார்கள். இவற்றை யாரோ பொறுமையாக ஊட்டி வளர்த்திருந்தார்கள். அதோடு, ஒரு பகல் முழுக்க அடைபட்ட தண்ணீர் கலங்கி நாற்றமடிக்க வேண்டும். இதுவோ கண்ணாடி மாதிரி இருந்தது.

கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற டிஸ்கஸ், தண்ணீர் மாறினால் லேசில் ஒத்துப்போகிற மீன் இல்லை. உப்பும் சுண்ணாம்பும் குறைந்த மென்மையான தண்ணீரில் வளர்ந்ததை எங்கள் ஊர்த் தண்ணீரில் சட்டென்று போட்டால், உடம்பெல்லாம் கறுத்து ஒருக்களித்துப் படுத்துவிடும். எங்கள் ஊர்த் தண்ணீர் கெட்டிலின் அடியில் சுண்ணாம்பு போலப் படிகிற தண்ணீர். அதனால் மீன்களை வாளியில் விட்டு, தொட்டியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை இறக்கி, அதில் முடிச்சுப் போட்டு இறுக்கி, சொட்டுச் சொட்டாக எங்கள் தண்ணீரை விட்டுப் பழக்க வேண்டும். எவ்வளவு நேரம் பழக்குவது என்பது இரண்டு தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. அதை முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மலைத் தண்ணீர் மென்மையானது என்று எனக்குத் தெரியும். போனில் அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்: "இங்க சோப்பு போட்டா நுரை போகவே மாட்டேங்குது."

மீன்களைப் பைத் தண்ணீரோடு வாளியில் விட்டு, முடிச்சுப் போட்ட குழாயைத் தயாராக வைத்தேன். பைத் தண்ணீரைக் கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்து மருந்தை விட்டேன். மென்மையான தண்ணீர் என்றால் இரண்டு மூன்று சொட்டிலேயே சிவப்பு பச்சையாக வேண்டும். ஆகவில்லை. விட்டுக்கொண்டே இருந்தேன்.

"என்ன அண்ணி, மருந்து கெட்டுப்போச்சா?"

சோதனைக் குழாயைக் கழுவி மறுபடி செய்தேன். அப்புறம் சமையலறைத் தண்ணீரைப் பிடித்து அதையும் செய்தேன். இரண்டும் பதினைந்தாவது சொட்டில்தான் பச்சையாயின.

"எந்தக் கடையில வாங்கினீங்க?"

"ஆபீஸ் பக்கத்துல ஒருத்தர்."

"அவர் தண்ணிக்கு என்ன பண்றாராம்? போர் போட்டிருக்காரா?"

"அங்க எல்லாருக்கும் மலைத் தண்ணிதான். என்ன இது, போலீஸ் விசாரணையா?"

அவருக்காக நான் தேடி வைத்திருந்த ஒரே காரணத்தையும் அவரே கெடுத்துவிட்டார்.

வலையை எடுத்தேன். முதல் மீனை வாளியிலிருந்து நேராகத் தொட்டிக்குத் தூக்கினேன்.

"ஐயோ அண்ணி! செத்துடும்!" என்று நாத்தனார் எழுந்தாள்.

அடுத்தது. அதற்கடுத்தது. நான்கும் உள்ளே போயின. கறுத்துப் போங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். கறுத்துப் போனால் தண்ணீர் புதிது, அவர் சொன்னது நிஜம், நான்தான் பைத்தியம். அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்.

அவை கறுக்கவில்லை. துடுப்பை விரித்து, வாடகை வீட்டைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் மாதிரி மூலை மூலையாகப் போய்விட்டுக் கண்ணாடியருகே வந்து நின்றன. இந்த ஊரிலேயே ஏதோ ஒரு ஜன்னலுக்குப் பின்னால், இதே தண்ணீரில் இவை வளர்ந்திருக்கின்றன. தினமும் வேலைக்குப் போகையில் அந்த ஜன்னலை நான் கடந்திருக்கலாம்.

விரலில் தீனியோடு தண்ணீருக்குள் கைவிட்டேன். பயமே இல்லாமல் வந்தது சிவப்பு. நீலம் மட்டும் பின்னாலேயே நின்றது.

"அது அப்படித்தான்," என்றார் அவர், தொட்டியைப் பார்த்தபடி. "சிவப்பு சாப்பிட்டு முடிச்சாதான் நீலம் வரும். கூச்சம் ஜாஸ்தி."

சிவப்பு சாப்பிட்டு விலகியது. நீலம் வந்து என் விரலைக் கொத்தியது.

கையை வெளியே எடுத்தேன்.

"யார் வீட்டுத் தொட்டி?" என்று கேட்டேன்.

அவர் ஷூவின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ வேற ஊருக்குப் போயிட்டா. மீனைக் கூடக் கொண்டு போக முடியல."

"அப்ப அந்த மலை?"

"முதல் மாசம் போனேன். அப்புறம் இங்கயே திரும்பப் போட்டுட்டாங்க. எல்லாம் முடிஞ்சுபோச்சு. இனிமே வீட்லயே இருந்துடலாம்னுதான்..."

கையைத் துடைத்துக்கொண்டேன். குழாயிலிருந்த முடிச்சை அவிழ்த்துச் சுருட்டி வைத்தேன்.

"மீன் இருக்கட்டும்," என்றேன்.

அவர் தங்கையைப் பார்த்தார். நாத்தனார் போய், மூலையில் கிடந்த அவருடைய பயணப் பையைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள்.

"நல்லவேளைண்ணா," என்றாள். "நீ இன்னும் ஷூ கழட்டல."