முந்தாத வண்டி

லெர்மாவின் பெரியம்மா பசிட்டா வெள்ளைத் துண்டை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் ஆயிரம் வேலை கிடக்க, இதையே மூன்றாவது முறையாகப் பிரித்து மடிக்கிறாள்.

"வண்டியை விட்டு இறங்குறப்பவே டாரியோ கை மேல இதைப் போட்டுடு. விலங்கு தெரியக் கூடாது. ஃபாதர் வந்திருக்கார், பள்ளிக்கூடத்து டீச்சருங்க எல்லாம் வந்திருக்காங்க."

"தெரிஞ்சா தெரியட்டும். தம்பி உள்ள இருக்கிறது ஆறு வருஷமா ஊருக்கே தெரியும்," என்றாள் லெர்மா.

"அப்படியே உங்கம்மா வாய்டி உனக்கு."

அந்த வாய் பெட்டிக்குள், கண்ணாடிக்குக் கீழே மூடிக் கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ஜெயிலில் மகனைப் பார்க்க வரிசையில் நின்ற ஃபெலிசா, மணிக்கட்டில் ஊதா முத்திரை குத்தி வாங்கிய பிறகு, உள்கதவுக்கு இன்னும் இரண்டே பேர் பாக்கி இருக்கும்போது சரிந்து விழுந்து இறந்தாள். உள்ளே டாரியோ பார்வை நேரம் முடிகிறவரை காத்திருந்தானாம். யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. அவன் குற்றவாளியா இல்லையா என்றும் இதுவரை யாரும் சொல்லவில்லை. ஆறு வருடமாக வாய்தா மட்டும்தான்.

கடைசி வரிசை நாற்காலிகளில், ஃபெலிசாவோடு ஜெயில் வாசல் வரிசையில் நிற்கும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சாவு வீட்டுக்குக் கொண்டுவந்த ரொட்டியைக்கூட ஒவ்வொன்றாகக் குறுக்கே வெட்டி, உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும்படி கண்ணாடிப் பையில் போட்டிருந்தார்கள். அப்படிப் பழக்கிவிட்டவள் ஃபெலிசாதான். மஞ்சள் சட்டை போட்டு வராதே, அது உள்ளே இருப்பவர்களின் நிறம், வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். மீனை முள் எடுத்துக் கொண்டுவா. எந்தக் காகிதம் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கு. முடியாது என்று யார் சொன்னாலும், "எந்த விதி சார்? எழுதிக் குடுங்க" என்று கேள். வாயில்லாப் பூச்சியாக வந்த பெண்களெல்லாம் அவளால் வாயாடிகள் ஆனார்கள்.

டாரியோவை வீட்டுக்குக் கொண்டுவர உத்தரவு வாங்கியதும் அவர்கள்தான். லெர்மாவுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் அம்மாவே பார்த்துக்கொண்டதால் வந்த வினை. அவள் இறப்புச் சான்றிதழின் நகலை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போக, குமாஸ்தா இல்லையென்று தலையாட்டினான். வரிசைக்காரி ஓசாங் வந்து, "நகல் செல்லாதும்மா, முத்திரை வெச்சது வேணும். உங்கம்மா எனக்குச் சொன்னதுதான் இது," என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். இரண்டே நாளில் உத்தரவு வந்தது. அரை மணி நேரம் முகம் பார்க்கலாம். ஊர்வலத்தில் கலந்துகொள்ளக் கூடாது, கல்லறைக்குப் போகக் கூடாது.

ஒரு மணிக்கு ஜெயில் வண்டி வந்தது. இரண்டு காவலர்களுக்கு நடுவில் மஞ்சள் சட்டையோடு டாரியோ இறங்கினான். பெரியம்மா துண்டை நீட்டினாள். லெர்மா அதை வாங்கவில்லை. நாற்காலியில் இருந்தவர்கள் எல்லோரும் விலங்கைப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று தம்பியின் முழங்கையைப் பிடித்து நடுவழியாகவே கூட்டிப்போனாள்.

"விலங்கைக் கொஞ்சம் கழட்டுங்க சார். சிலுவை போட்டுக்கட்டும்," என்றாள் மூத்த காவலரிடம்.

"முடியாதும்மா."

"எந்த விதி சார்?"

கடைசி வரிசையில் ஒருத்தி சிரித்துவிட்டாள். காவலர் விலங்கைக் கழற்றவில்லை.

டாரியோ பெட்டி மேல் குனிந்தான். அம்மாவின் மணிக்கட்டு முத்திரையை மறைக்கப் பெரியம்மா நேற்று போட்ட பவுடரை லெர்மா காலையில் பெட்டி மூடும் முன் துடைத்துவிட்டிருந்தாள். ஊதா மை அப்படியே இருந்தது.

"அக்கா, முத்திரை குத்தியாச்சா?"

"குத்தியாச்சுடா. உள்ள வர்றதுக்கு ரெண்டே பேர்தான் பாக்கி."

அவன் உடைந்துபோனான். இறந்தவர் மேல் கண்ணீர் சிந்தினால் அவருக்குப் போக வழி இருக்காது என்பார்கள், பெட்டிக் கண்ணாடியில் ஒரு சொட்டுகூட விழக் கூடாது. விலங்கு போட்ட கையை முகத்துக்குத் தூக்கப் பார்த்தான், இடுப்புச் சங்கிலி விடவில்லை. பெரியம்மாதான் பாய்ந்து வந்தாள். அந்த வெள்ளைத் துண்டால் அவன் முகத்தை அழுத்தித் துடைத்தாள், மூக்கையும் சேர்த்து, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல. "அழுடா, அழு, நான் பிடிச்சுக்கறேன்," என்று அவளும் அழுதாள்.

அரை மணி நேரம் எங்கே போனதென்று தெரியவில்லை. வண்டியில் ஏற்றும்போது ஓட்டுநர் மூத்த காவலரிடம் சொன்னது லெர்மாவின் காதில் விழுந்தது. "சார், முக்கு பேக்கரியில நிறுத்தி ஒரு சோடா குடிச்சுட்டுப் போவோம். சாவு வீட்டுலேருந்து நேரா போனா அந்தம்மா நம்ம பின்னாலயே ஜெயிலுக்கு வந்துடும்."

"அது ஞாயித்துக்கிழமை தவறாம வர்றதுதானே," என்றார் காவலர். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

லெர்மா அப்படியே நின்றாள். முக்கு பேக்கரியைத் தாண்டினால் ஏரிக்கரை ரோடு, ஒற்றை ரோடு. வழியில் கல்லறைத் தோட்டம், அதற்கும் அப்பால் ஜெயில். அவள் பெட்டி தூக்கும் ஆட்களிடம் ஓடினாள்.

"இப்பவே எடுங்க."

"ரெண்டு மணிக்குன்னுதானேம்மா பேச்சு?"

"ஃபாதர் ஜெபம் முடிச்சாச்சு. எடுங்க. ஜெயில் வண்டி பேக்கரியை விட்டுக் கிளம்புறதுக்குள்ள நாம அதைத் தாண்டணும்."

எல்லோரும் முழித்தார்கள். பெரியம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. "காதுல விழலையாய்யா? எடுங்க!" என்று ஒரு அதட்டல் போட்டாள்.

சவ வண்டி கிளம்பியது. "பின்னால வர்ற வண்டியெல்லாம் முன் விளக்கைப் போட்டுக்குங்க, அப்பதான் ஊர்வலத்து வண்டின்னு தெரியும்," என்று வழக்கம்போலக் கூவினார்கள். பேக்கரி வாசலில் ஓட்டுநர் சோடாவைப் பாதி குடித்த நிலையில் சவ வண்டி அவரைத் தாண்டிப் போனது. லெர்மா திரும்பிப் பார்க்கவில்லை.

ஏரிக்கரை ரோட்டில் முதுகுக்குப் பின்னால் ஜெயில் வண்டியின் எஞ்சின் உறுமல் கேட்டது. ஒரு தடவை ஹாரன் அடித்தது. மூத்த காவலர் இறங்கி ஓடிவந்தார்.

"என்னம்மா இது? இவன் ஊர்வலத்துல வரக் கூடாதுன்னு ஆர்டர் இருக்குல்ல?"

"வரலையே சார். உங்க வண்டியிலதானே இருக்கான்? முந்திப் போங்க, யாரு தடுத்தா?"

ரோட்டில் ஒரு பக்கம் வண்டி போகிற அளவுக்கு இடம் தாராளமாகவே இருந்தது. காவலர் திரும்பிக் கையைக் காட்டினார். ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சவத்தை நான் முந்த மாட்டேன் சார். வீட்டுல மாசமா இருக்கா. வேணும்னா நீங்க வந்து ஓட்டுங்க."

காவலர் நின்றார். சவ வண்டியைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். பிறகு போய்த் தன் இடத்தில் ஏறிக்கொண்டார்.

"மெதுவா நடங்க," என்றாள் லெர்மா.

அதை அந்தப் பெண்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. மணிக்கு நாலு அடி நகருகிற வரிசையில் வருடக்கணக்காக நின்று பழகியவர்கள். சவ வண்டிக்கு முன்னால், ரோட்டின் ஒரு பக்கமாகவே, கையில் கண்ணாடிப் பைகளோடு, ஓசாங்கும் மற்றவர்களும் அடிமேல் அடி வைத்தார்கள். பத்து நிமிட வழி நாற்பது நிமிடம் ஆனது. பெரியம்மா நடுவில் இரண்டு தடவை செருப்பு வாரைச் சரிசெய்ய நின்றாள். அவளுடைய செருப்பில் வாரே கிடையாது.

கல்லறைத் தோட்டத்தின் வாசலில்தான் லெர்மா திரும்பிப் பார்த்தாள். ஜெயில் வண்டி கடைசியாக வந்துகொண்டிருந்தது. பட்டப்பகல் வெயிலில் அதன் முன் விளக்குகள் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன.