இடது பக்கம் முடுக்கியவன்

ஞாயிற்றுக்கிழமை காலையானால் எங்கள் பழைய வண்டிக்காரர் சங்கம் சங்கராபுரம் ரோட்டில் இளவரசனின் ஒர்க்ஷாப் வாசலில் கூடும். ஏழு வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்து, டீ குடித்தபடி கதை அளப்போம். ஏழு பேரில் ஸ்பேனர் பிடித்துக் கை காய்ப்பு ஏறியவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் துணியால் துடைக்கிற கோஷ்டி. பிரவீன்குமார் என்று ஒருத்தன், நைனார்பாளையத்தில் உரக்கடை வைத்திருக்கிறான். உளுந்தூர்பேட்டை காயலான் கடையில் கோழி அடைகாத்துக் கிடந்த ஃபியட்டை வாங்கி, இன்ஜினை அவனே இறக்கி ஏற்றினானாம். இறக்கியதும் நான், ஏற்றியதும் நான். ஆயில் எங்கே ஊற்றுவது என்று கேட்டால் அவன் போனை எடுத்துப் பார்ப்பான். ஆனாலும் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ கதையும் அவன் பெயரில்தான். எங்கள் சங்கத்து நியாயம் அது.

எல்லாக் கதையும் தீர்ந்த பிறகு இளவரசனைக் கெஞ்சுவார்கள். "அண்ணே, அந்த நட்டு கதைய எடுத்து வுடுங்கண்ணே."

அவனும் தொண்டையைச் செருமிக்கொள்வான்.

"பதினெட்டு வருசம் ஆச்சி. அப்ப பைபாஸ் போட்டு இன்னும் தொறக்கல. எனக்கும் சின்னசேலத்தான் ஒருத்தனுக்கும் ஜீப்பு ரேஸு. ஜெயிச்சா ஆட்டுக்கடா. நம்ப சுப்புராயன் அண்ணன், தோ ஒக்காந்துக்கினு இருக்காரே, இவரு கட்டுன வண்டி, இன்னா பிக்கப்புங்கிற! மூணாவது கியரு போட்டேன், எனக்கு முன்னால ஒரு வீலு தனியா ஓடிக்கினு இருக்குது. எவன்டா அது நம்மள ஓவர்டேக் பண்றதுன்னு பாத்தா, அது என் வீலு! வண்டி பள்ளத்துல. எனக்குத் தோள்பட்டை எலும்பு போச்சி. எவன்டா வீல முடுக்குனதுன்னு எங்கப்பாரு கேக்குறாரு. மலைக்காரன் பெரியண்ணன் வந்து நின்னுக்கினு சொல்றான், 'நாந்தாங்க. இடது பக்கமா நல்லா முடுக்குனேங்க'!"

இடது பக்கம் திருப்பினால் நட்டு கழலும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பதினெட்டு வருடமாக நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். என் வாயில் மண்ணைப் போட.

பெரியண்ணன் சொன்னது சத்தியம். அந்தக் காலத்து ஜீப்பில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு மட்டும் மரை, அதாவது போல்ட்டில் நட்டு ஏறுகிற புரி, தலைகீழாக இருக்கும். ஓட்டத்தில் நட்டு தானாகக் கழலாமல் இருக்க அப்படிச் செய்தார்கள். இடது பக்கம் திருப்பினால்தான் அது இறுகும். என்னிடம் ஆறு வருடம் வேலை பார்த்த பெரியண்ணனுக்கு அது தெரியும். அவன் சரியாகத்தான் முடுக்கினான்.

கழற்றியவன் நான்.

எனக்கு ஒரு திமிர். எவன் முடுக்கினாலும் கடைசியாக என் கை பட்டால்தான் வண்டி கிளம்பும்; பார்க்கிறவர்களுக்கு அது வெறும் சம்பிரதாயம். அன்றைக்கும் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு போனேன். கூட்டம் விசில் அடித்தது. வலப்பக்கச் சக்கரத்தை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அதே ஜோரில் இடப்பக்கச் சக்கரத்துக்கு வந்து, ஐந்து நட்டையும் வலது பக்கமாகவே ஒரு மிதி மிதித்தேன். கிறீச் கிறீச்சென்றது. இறுகுகிற சத்தம் என்று நினைத்தேன். கழல்கிற சத்தமும் அதேதான். பெரியண்ணன் அப்போது பின்னால் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தான்.

சக்கரத்தைத் தேடி எடுத்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. அதற்குள் இளவரசனின் அப்பா காலில் இருந்ததைக் கழற்றிவிட்டார். இருநூறு பேருக்கு நடுவில் பெரியண்ணனுக்குச் செருப்படி. "சொல்லுங்கண்ணே, அது இடது மரைதானே, சொல்லுங்கண்ணே" என்று அவன் என்னையே பார்த்துக் கத்தினான். நான் சொன்னது ஒன்றே ஒன்று. "எதுத்துப் பேசாதடா, மலைக்குப் போ." போய்விட்டான். அதன்பிறகு எந்தப் பட்டறையிலும் அவன் வேலைக்குச் சேரவில்லை.

போன மாதம் அவன் மகள் பவானி வந்தாள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் முடித்தவள். சான்றிதழை இளவரசனிடம் நீட்டியபோது நானும் அங்கே இருந்தேன்.

"அப்பா பேரு இன்னாம்மா?"

"பெரியண்ணன்ங்க. வெள்ளிமலை."

"அடேயப்பா, நட்டு பெரியண்ணன் பொண்ணா! நீ எந்தப் பக்கம் முடுக்குவ?"

ஒர்க்ஷாப்பே சிரித்தது. அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. "நான் எங்கப்பா மாரி இல்லைங்க. படிச்சிட்டு வந்திருக்கேன்" என்றாள். பார்க்கலாம் என்று இளவரசன் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தான். கள்ளக்குறிச்சியில் இது நாலாவது ஒர்க்ஷாப்பாம். எல்லா இடத்திலும் அந்த ஒரு கேள்விதான். அப்பன் பெயர் ஒழுங்கானாலொழிய அவளுக்கு இந்த ஊரில் வேலை இல்லை. அதை ஒழுங்காக்க உலகத்தில் என் ஒருவனால்தான் முடியும்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இளவரசனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். கத்துவான், அடித்தாலும் அடிப்பான் என்று நினைத்தேன். அவன் மேசைக் கண்ணாடிக்குக் கீழிருந்த அவன் அப்பாவின் படத்தையே பார்த்தபடி கேட்டான்.

"எனக்குத் தோளு போனது உன்னாலியா?"

"ஆமாம்ப்பா."

"சரி, அது போவட்டும். எங்கப்பாரு செத்து நாலு வருசம் ஆவுது. இப்போ போயி, அந்தாளு ஒரு அப்பாவிய ஊரு நடுவுல செருப்பால அடிச்சாருன்னு ஊர்க்காரன்கிட்ட நான் சொல்லணுமா? அந்தப் பொண்ணுக்கு வேலதான வோணும்? வரச்சொல்லு. இது இந்த ரூம வுட்டு வெளிய போச்சின்னா அவளும் கெடையாது, நீயும் கெடையாது."

நியாயமாகப் பார்த்தால் அங்கேயே எழுந்து வாசலுக்கு வந்து கத்தியிருக்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன். வேலை கிடைத்ததே, அது போதாதா என்று மனது சமாதானம் சொன்னது. என் மனது எப்போதும் எனக்குச் சாதகமாகத்தான் பேசும்.

மறுநாள் காலை கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினேன். பெரியண்ணன் மரவள்ளிக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

"பவானிக்கு வேலை ஆயிடுச்சி. திங்கக்கெழம வரச்சொல்லு" என்றேன்.

"சந்தோசங்க."

"பெரியண்ணா, அன்னிக்கு அந்த வீலு..."

"தெரியுங்க" என்றான். "அடிபட்டு மூணாம் நாளு, யாரும் இல்லாதப்ப வண்டியப் பாக்க வந்தேன். மரையக் காட்டியாவது நாயம் கேக்கலாம்னு. நீங்க இடது மரை போல்ட்டெல்லாம் புடுங்கிப்போட்டு சாதா போல்ட்டு மாத்தி வெச்சிருந்தீங்க. அப்பவே புரிஞ்சிக்கினேன்."

அதையும் செய்தவன் நான்தான். இத்தனை நேரம் உங்களிடம்கூட அதை விழுங்கிவிட்டேன் பாருங்கள்.

"ஏன்டா யாருகிட்டயும் சொல்லல?"

"யாருகிட்டங்க?"

அவன் மறுபடி குனிந்து ஒரு களையைப் பிடுங்கினான்.

"பொண்ணுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா அந்த வாசப்படிய மிதிக்க மாட்டா. ரோசக்காரி. வேல நெலைக்கட்டும்ங்க."

இப்படியாக மூன்று ஆம்பிளைகள் சேர்ந்து ஒரு பெண்ணிடம் உண்மையை மறைத்தோம். அதில் பெரியண்ணன் ஒருவனுக்குத்தான் மறைப்பதற்கு நியாயம் இருந்தது.

பவானி வேலைக்குச் சேர்ந்து இரண்டே வாரத்தில் எல்லோர் வாயையும் அடைத்துவிட்டாள். பிரவீன்குமாரின் ஃபியட் ஒரு மாதமாக இருமிக்கொண்டிருந்தது. கார்புரேட்டரைப் பிரித்து அரை நாளில் சரிசெய்தாள். கை அப்படியே அவள் அப்பன் கை. போன ஞாயிறு அவளையும் சங்கத்து டீக்கு உட்கார வைத்தார்கள். பிரவீன்குமாருக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணே, நட்டு கதை" என்றான்.

இளவரசன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சொன்னான், ஒரு வார்த்தை குறைக்காமல். வீல் ஓவர்டேக் பண்ணியது, ஆட்டுக்கடா, இடது பக்கம், எல்லாம். எல்லோரும் சிரித்தார்கள். பவானியும் சிரித்தாள். சிரித்துவிட்டு எழுந்து நின்றாள்.

"எங்கப்பா பண்ணதுக்கு எல்லாரும் மன்னிச்சிக்கோங்க சார். உங்க தோளு போச்சி. அப்படியிருந்தும் எனக்கு வேல குடுத்தீங்க."

"அட, வுடும்மா" என்றான் இளவரசன், பெரிய மனுஷன் மாதிரி. கை தட்டினார்கள்.

எல்லோரும் கிளம்பிய பிறகு அவள் என்னிடம் வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"அந்த ஜீப்பு நீங்க கட்டுனதாமே சார்?"

"ஆமாம்மா."

"பழைய ஜீப்புல இடது மரை வரும்னு ஐ.டி.ஐ.ல எங்க சார் ஒருநாள் சொன்னாரு. அன்னிலேர்ந்து எனக்கு ஒரு நெனப்பு. ஒருவேள எங்கப்பா சரியாத்தான் முடுக்கியிருப்பாரோன்னு. வேலைக்கு வந்த மொத நாளே ஷெட்டுல இன்னும் கெடக்குற அந்த ஜீப்பப் போய்ப் பாத்தேன் சார். ஒவ்வொரு போல்ட்டா திருப்பிப் பாத்தேன். சாதா மரைதான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அவரு மேலதான் தப்பு. அன்னிக்கு உங்க பேரும்தான கெட்டிருக்கும். நீங்களும் எங்கப்பாவ மன்னிச்சிடுங்க சார்."

வாயைத் திறந்தேன். வந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

"பரவால்லம்மா" என்றேன்.