ஒட்டுத் தெரியாத பாறை

எங்க கடற்கரைப் பாறைத் தோட்டத்துக்கு வர்றவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பாங்க: "இத்தனை பெரிய பாறைங்களை அந்தக் காலத்துல எப்படித் தூக்கிட்டு வந்தாங்க?"

தூக்கினாத்தானே! அதுல ஒண்ணுகூட நிஜப் பாறை இல்ல. உள்ள செங்கல் உடைசல், மேல சிமெண்டுப் பூச்சு. என் வீட்டுக்காரரோட கொள்ளுத்தாத்தா கைவேலை. நூறு வருஷமா ஊரே ஏமாந்துக்கிட்டிருக்கு, நண்டுகூட நம்பிக் குடியிருக்கு. எங்களுக்கு அதுல இருக்கிற பெருமை கொஞ்சநஞ்சமில்ல.

அந்தக் குடும்பத்து ஆளுங்கதான் இன்னிக்கும் பழுது பாக்கறாங்க. என் வீட்டுக்காரர் "எனக்குச் செடியும் தண்ணிக் குழாயும் போதும்டா சாமி"ன்னு ஒதுங்கிட்டார். பூச்சுக் கரண்டி அவரோட அக்கா கையில. எனக்கு நாத்தனார், அண்ணின்னு கூப்பிடுவேன். நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து அவங்களுக்குக் கலவை போடறவ. "கெட்டியா வேணுமா அண்ணி, இளக்கமா வேணுமா?"ன்னு கேட்டுக் கேட்டு நாக்கே தேஞ்சுபோச்சு. எதுன்னு சொல்லிட்டு, "கட்டி தட்டக் கூடாது"ன்னு ஒரு குட்டு வேற வைப்பாங்க. கட்டி தட்டினதே கிடையாது, சத்தியமா!

இந்தப் புயல்ல தோட்டத்து அருவிப் பாறை பேந்துபோனப்போ அண்ணி மக பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தாங்க. போன்ல கேட்டேன்: "நான் பூசட்டுமா?"

"பூசு. எந்த இடம்னு சொல்லாத, வந்து தேடறேன். வழக்கம் தெரியும்ல?"

தெரியாம என்ன? மூத்தவங்க தேடுவாங்க. பழசும் புதுசும் சேர்ற ஒட்டைக் கண்டுபிடிச்சிட்டா அங்கேயே சுத்தியலால உடைக்கணும், பூசினவ கலவைக்கே திரும்பணும். அண்ணியோட ஒட்டை அவங்க அப்பாவே தேடித் தோத்தாராம். அந்தக் கதையைக் கேக்காம நான் ஒருவேளைச் சோறு தின்னதில்ல.

விழுந்த துண்டுங்களைப் பொறுக்கி, இடிச்சுச் சலிச்சுக் கலவையில சேத்தேன். பூசி முடிச்சு, ஈரச் சாக்கை ஒத்தி ஒத்திச் சொரசொரப்பு எடுத்தேன். கை தோல் உரிஞ்சுது. உரியட்டும். காலம் பூரா மண்வெட்டி பிடிக்கவா பொறந்தேன்?

அண்ணி வந்ததும் வராததுமா பாறை மேல வாளித் தண்ணியை வீசினாங்க. புதுப் பூச்சு ஒரு மாதிரி காயும், பழசு வேற மாதிரி காயும். குத்துக்காலிட்டு உக்காந்து பாத்தாங்க. தட்டினாங்க. மோந்துகூடப் பாத்தாங்க!

"இதோ!" கரண்டி முனையை ஒரு இடத்துல வச்சாங்க. "ஓரம் வெளுத்துத் தெரியுது பாரு. அவசரக்காரி வேலை."

உசிரே போயிடுச்சு. கிட்டப் போய்ப் பாத்தேன். போன உசிரு திரும்பி வந்துது.

"அது நான் பூசினது இல்ல அண்ணி."

"பின்ன யாரு, கடலா வந்து பூசிச்சு?"

குழாயோட நின்ன என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாம, "அக்கா, அப்பா தேடித் தோத்தாரே, நீ போட்ட அந்த ஒட்டுதான் அது!"ன்னார்.

அண்ணி மூஞ்சி செவந்துபோச்சு. அந்த ஓரத்தை விரலால தடவிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் சுத்தியலை எடுத்து என் கையில திணிச்சாங்க.

"உடை."

"ஐயோ, அண்ணி, அது உங்க…"

"வழக்கம்னா எல்லாருக்கும்தான். எனக்குன்னு தனியா எழுதி வச்சிருக்கா? உடைச்சிட்டு நீயே பூசு."

உடைச்சேன். திரும்பிப் பாத்தா, அண்ணி மணல் குவியல்கிட்ட மண்வெட்டியோட நிக்கறாங்க.

"கெட்டியா வேணுமா, இளக்கமா வேணுமா?"

விடுவேனா?

"இளக்கமா போடுங்க அண்ணி. கட்டி தட்டக் கூடாது."