ஓக் தெருவின் கறுப்பு உருண்டை

1926ஆம் ஆண்டு, ஒஹாயோவில் ஓக் தெருச் சகோதரர் சங்கத்தின் வாக்குப் பெட்டியிலிருந்து குதித்த ஒரு கறுப்பு உருண்டை, முப்பத்தைந்து வருடம் நிற்காமல் உருண்டது. கல்லூரி மாணவர்கள் ஒரே வீட்டில் உண்டு உறங்கிச் சகோதரர்களாக வாழும் சங்கம் அது. புதியவனைச் சேர்க்க ஆளுக்கொரு உருண்டை போடுவார்கள். வெள்ளை என்றால் சம்மதம், கறுப்பு ஒன்று விழுந்தாலும் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த வருடம் ஐசக் ஃபெல்ட்ஸ்டெர்ன் என்ற யூதப் பையனுக்கு ஒரு கறுப்பு விழுந்தது. போட்டவன் வாயே திறக்கவில்லை. ஐசக் தன் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு விடுதிக்குப் போனான். உருண்டை தரையில் குதித்துக் கூடம், மாடிப்படி, பரண் என்று உருள ஆரம்பித்தது.

ராத்திரிச் சத்தம் அடங்கக் கம்பளம் விரித்தார்கள், அதைப் பிடிக்கப் பூனை வளர்த்தார்கள். பூனைதான் இளைத்தது. தூக்கம் போன பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்? படித்தார்கள், விடியுமுன் ஆற்றில் படகு வலித்தார்கள். மதிப்பெண்ணிலும் படகிலும் கோப்பைகள் குவிந்து, அலமாரி நிரம்பி, குளியல் தொட்டிவரை வந்தன. ஓர் ஆளுநரும் இரண்டு ஆயர்களும் அங்கிருந்து சிவந்த கண்களோடு புறப்பட்டுப் போனார்கள். 1926இல் அங்கே மாணவனாக இருந்து, பிறகு சங்கத்தின் மூத்தவரான பிரெண்டிஸ் வரும் நாளில் மட்டும் உருண்டை அவர் நாற்காலிக்கடியில் வந்து சாதுவாக நிற்கும். ஏன் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

1961இல் சங்கத் தலைவன் ஆரின் டீஸ்டேல். அவன் உயிர் நண்பன் நேதன், அந்த ஐசக்கின் மகன், சேர விண்ணப்பித்தான். இவனையும் வெளியே நிறுத்திவிடுவார்களோ என்று ஆரின் பயந்தான். பிரெண்டிஸ் காரில் வந்திறங்கினார்.

"பையன் தங்கம்தான் தம்பி. ஆனா இவனைச் சேர்த்து அந்த உருண்டை நின்னுபோச்சுன்னா கோப்பை எங்கேருந்து வரும்?"

"தூக்கமாவது வரும் சார்."

"தூங்குறதுக்கா உங்கப்பன் உன்னைப் படிக்க அனுப்பினான்?"

வாக்கெடுப்பு நடந்தது. நேதன் வாசலில் குளிரில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். பெட்டியைத் திறந்தால் எல்லாம் வெள்ளை; நடுவே தேய்ந்து சிராய்த்த ஒரு கறுப்பு. ஆட்களைவிட ஓர் உருண்டை கூடுதல். வீட்டில் எங்கும் உருளும் சத்தம் கேட்கவில்லை. கிழட்டு உருண்டை தானே ஏறி வந்து வாக்குப் போட்டிருந்தது.

"விதின்னா விதிதான்," என்றார் பிரெண்டிஸ். "ஒண்ணு போதும்."

ஆரின் அதை எடுத்து வாயில் போட்டு, ஆறிப்போன காபியால் விழுங்கினான்.

"எந்த ஒண்ணு சார்?" என்றான். பிறகு வாசலைப் பார்த்துக் கத்தினான்: "டேய் நேதன், உள்ளே வாடா! கதவைச் சாத்து, குளிருது!"

அன்று படுத்த சகோதரர்கள் மறுநாள் தேர்வையே கோட்டைவிட்டார்கள். அந்த வருடம் மதிப்பெண்ணில் கடைசி. படகு கரையிலேயே கிடந்தது. பிரெண்டிஸ் அதன்பின் வரவில்லை.

ஆரின் பதினொரு மாநிலங்களில் பாலம் கட்டினான். தூக்கமில்லாதவனுக்கு வேலை ஓடும். மனைவி மார்ஜரி அவன் வயிற்றில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படேன், அந்தப் பக்கம் சத்தம் கம்மி," என்பாள். வருடம் ஒருமுறை நேதன் வருவான். பாதிப் பேச்சிலேயே சோபாவில் சாய்ந்து குறட்டை விடுவான். பார்க்கும்போது ஆரினுக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். போர்வையை இழுத்து அவனுக்குப் போர்த்திவிட்டு, விளக்கை அணைத்து, இருட்டிலேயே விடியும்வரை நடப்பான்.